45 கிராம் சோறு

எங்கள் கல்லூரி விடுதியில், கடைசி மாணவியின் கோப்பையிலும் சோறு விழுந்த பின்னரே மற்றவர்கள் உணவில் கைவைக்கலாம் என்பது மேற்பார்வையாளர் அக்காவின் கண்டிப்பான ஒழுங்கு. பசியோடு காத்திருந்த அந்த நிமிடங்களின் பெறுமதி எனக்கு விளங்கியது லண்டனில், என் மகள் பிறந்த பிறகுதான்.

1999இல் அவள் பிறந்து ஒரு வாரமளவில், வீட்டுக்கு வந்த மருத்துவத்தாதி குதிக்காலில் குத்தி, சில சொட்டு இரத்தத்தை அட்டையொன்றில் எடுத்துச் சென்றார். சில நாட்களில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பிரித்தானியாவில் ஏறத்தாழ 10,000 குழந்தைகளுள் ஒருவருக்கு வரும் பினைல்கீற்றோனூரியா அவளுக்கு இருந்தது. புரதத்திலுள்ள பினைலலனின் என்னும் அமினோ அமிலத்தை மாற்றும் நொதியம் ஈரலில் சரிவர இயங்காமையால், அது இரத்தத்தில் தேங்கி வளரும் மூளையைப் பாதிக்கும் பரம்பரை நோய் இது.

மருத்துவர் தாளொன்றில் நான்கு கட்டங்கள் கீறி, பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் பின்னிடைவான பரம்பரையலகு ஒவ்வொரு பிள்ளையிலும் நான்கில் ஒரு வாய்ப்பாக நோயாக வெளிப்படும் என்று விளக்கியபோது, எங்கள் விலங்கியல் ஆசிரியை கரும்பலகையில் கீறிய மெண்டலின் பட்டாணிக் கட்டங்கள் கண்முன்னே வந்து நின்றன. என் கணவர் என் மாமாவின் மகன். உயர்தரப் பரீட்சையில் அந்தக் கணக்கைப் பிழையின்றிச் செய்த எனக்கு, அது எங்கள் வீட்டுக் கணக்காகவும் இருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. "என்ன பாவமோ" என்று உறவினர் ஒருவர் பெருமூச்சு விட்டபோது, ஆசிரியை கற்பித்த அந்தப் பாடமே என்னைத் தாங்கியது.

1950களின் தொடக்கத்தில், பேர்மிங்ஹாம் சிறுவர் மருத்துவமனையில், இதே நோயுள்ள தன் பிள்ளைக்கு ஏதாவது செய்யுங்கள் என்று ஒரு தாய் விடாமல் வற்புறுத்தியதன் பேரிலேயே, மருத்துவர் ஹோர்ஸ்ட் பிக்கலும் அவருடைய தோழர்களும் பினைலலனின் குறைந்த உணவை முதன்முதலாகத் தயாரித்துக் கொடுத்தார்கள். அந்தத் தாயை நினைக்காமல் நான் தராசைத் தொட்டதில்லை.

தராசு எங்கள் சமையலறையின் நடுவில் இருந்தது. மகளுக்கு நாளொன்றுக்கு அனுமதிக்கப்பட்ட இயற்கைப் புரதம் 6 கிராம். ஏறத்தாழ 45 கிராம் சோறு, அல்லது 80 கிராம் அவித்த உருளைக்கிழங்கு, அல்லது 30 மில்லிலீற்றர் பால், ஒவ்வொன்றிலும் 1 கிராம் புரதம். மீன், இறைச்சி, முட்டை, பருப்பு, உழுந்து எதுவும் கிடையாது. வளர்ச்சிக்கு வேண்டிய மிகுதிப் புரதத்தை, பினைலலனின் நீக்கிய மாவாகத் தினமும் மூன்று வேளை கரைத்துக் குடித்தாள். அதன் வாடை குடித்து முடித்த பிறகும் மூச்சில் நிற்கும். அதனால் பாடசாலையில் தோழிகளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசப் பழகினாள். வீட்டில் விரலில் குத்தி எடுத்துத் தபாலில் அனுப்பிய இரத்தத்தின் முடிவுகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. அந்த இலக்கம் மட்டும் அவளுடைய வாழ்க்கையாகிவிடாது என்பதை நான் பிந்தித்தான் உணர்ந்தேன். பிறந்தநாள் விழாக்களுக்குத் தன் சாப்பாட்டுப் பெட்டியோடு போய், மூலையில் இருந்து உண்டு வருவாள். "ஒரு வடையால் என்ன வந்துவிடும்?" என்று அன்போடு நீட்டியவர்களுக்கு மறுமொழி சொல்லிச் சொல்லியே களைத்துப் போனாள்.

பிள்ளைப் பருவத்தோடு இந்தக் கட்டுப்பாடு முடிந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தில் தனியே இருந்தபோது அவளுக்கு இரத்தத்தில் பினைலலனின் அளவு ஏறியது. பாடத்தில் மனம் நிற்காமல், காரணமின்றிப் பதற்றப்பட்டாள். "எனக்குள் பனிமூட்டம், அம்மா" என்றாள். இனித் தாய்மையை நாடினால், வயிற்றுப் பிள்ளையின் மூளையையும் இருதயத்தையும் காப்பதற்குக் கருத்தரிக்கும் முன்பே அளவை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

சென்ற தைப்பொங்கலுக்கு எங்கள் கல்லூரிப் பழைய மாணவியர் சங்கம் ஒன்றுகூடியபோது, என்னோடு விடுதியில் இருந்த தோழி முதல்நாளே தொலைபேசியில் அழைத்து ஒவ்வொரு பொருளாகக் கேட்டறிந்தாள். முந்திரிப் பருப்பைத் தவிர்த்து, மருந்துச்சீட்டில் கிடைக்கும் புரதம் குறைந்த பாலில் சவ்வரிசிப் பாயாசம் காய்ச்சி, எல்லோருக்கும் அதையே பரிமாறினாள். சவ்வரிசியில் புரதம் இல்லையென்றே சொல்லலாம், நிறுக்கத் தேவையில்லை. என் மகள் கிண்ணத்தை நீட்டி இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தாள்.