வீடு, மரம், குதிரை

கிழக்கிலங்கையின் ஆரையம்பதியிலிருந்து அக்கரைப்பற்று வரை ஓட்டோவில் போய்வரப் போகிறோம் என்றதும் அக்கா சிரித்தாள். "பஸ்ஸில் போனால் முதுகெலும்பாவது மிஞ்சும்" என்றாள். பஸ் ஊர்களில் நிற்கும், மதில்களுக்கு நிற்காது. அவளுடைய மகள் பார்க்க வந்ததோ மதில்களை.

மருமகள் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தாதியாக இருக்கிறாள். 2018 இல் அவளிடம் போய் மூன்று வாரம் தங்கினேன். முப்பது வருடம் சித்திரம் படிப்பித்த மனிதனை ஏதாவது ஓவியக் கூடத்துக்குக் கூட்டிப்போவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் என்னை ஒரு கறுப்பு டாக்சியில் ஏற்றி வீதிச் சுவர்களைப் பார்த்துவர அனுப்பினாள்.

ஃபோல்ஸ் வீதி கத்தோலிக்கருடையது, ஷாங்கில் வீதி புரட்டஸ்தாந்தினருடையது. நடுவில் மூன்று மாடி உயரத்தில் ஒரு சுவர். 1969 கலவரத்தின்போது முள்வேலியாக வந்த அது, 1998 இல் சமாதான ஒப்பந்தம் எழுதிய பிறகும் போகவில்லை. அதன் படலைகளை இன்னும் இரவில் பூட்டுகிறார்கள். அதற்குச் சமாதானச் சுவர் என்று பெயர் வைத்தவர் குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும். சாரதி ஒரு கத்தோலிக்கர். ஃபோல்ஸ் வீதியில் வாய் ஓயாமல் பேசிவந்தவர், படலையைத் தாண்டியதும் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு வருடங்களை மட்டும் சொன்னார்.

ஷாங்கில் பக்கம், 1690 இல் போயின் ஆற்றங்கரையில் வென்ற மன்னன் வில்லியம் வெள்ளைக் குதிரையில் வருகிறான். அவனுக்கு அடுத்த தெருவில் முகமூடியும் துப்பாக்கியுமாக ஆட்கள். வீதியோரக் கற்களுக்குக்கூடச் சிவப்பு, வெள்ளை, நீலம் பூசியிருந்தார்கள். ஃபோல்ஸ் பக்கம் பலஸ்தீனக் கொடி, ஷாங்கில் பக்கம் இஸ்ரேலியக் கொடி. வீட்டுச் சண்டைக்கு எந்த ஊர்க் கொடியெல்லாம் உதவுகிறது பாருங்கள். ஆசிரியனாகச் சொன்னால், பாதிப் படங்களுக்கு நாற்பது புள்ளிக்கு மேல் போட மாட்டேன். கைகள் சூம்பியிருந்தன, கழுத்தே இல்லாத முகங்கள் இருந்தன. துப்பாக்கிகள் மட்டும் அளவு பிசகாமல் இருந்தன.

சின் ஃபெய்ன் கட்சி அலுவலகத்தின் பக்கச் சுவரில் ஐரிஷ் விடுதலைப் போராளி பொபி சான்ட்ஸ் சிரித்துக்கொண்டிருக்கிறார். 1981 இல் சிறையில் 66 நாள் உண்ணாமல் கிடந்து இறந்தபோது அவருக்கு 27 வயது. அதற்கு முந்தைய மாதம்தான் நாடாளுமன்ற உறுப்பினராகத் தெரிவாகியிருந்தார். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது எனக்கு மட்டக்களப்பு மாமாங்கம் ஞாபகம் வந்தது. பத்துப் பிள்ளைகளின் தாயான அன்னை பூபதி, இந்தியப் படை போரை நிறுத்த வேண்டும் என்று கேட்டு 1988 மார்ச் 19 இல் மாமாங்கேஸ்வரர் ஆலய முன்றலில் அமர்ந்தார். ஏப்ரல் 19 இல் இறந்தார். நாவலடியில் சமாதி இருக்கிறது, ஆண்டு நாளில் படம் வைத்து மாலை போடுவார்கள். மட்டக்களப்பில் ஒரு சுவரிலும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

இதை அன்றிரவு மருமகளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்த முறை லீவில் வந்தவள், பெட்டியைத் திறக்கும் முன்பே கேட்டாள்: "எங்கள் ஊர்ச் சுவரில் என்னதான் இருக்கிறது மாமா?"

ஓட்டோக்காரத் தம்பி பக்கத்து முஸ்லிமூரான காத்தான்குடி. வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும், எனக்குத் தம்பிதான். ஆரையம்பதியில் என் வீட்டுக்குப் பத்து வருடமாக அவர்தான் வருகிறார். "மதில் பார்க்கவா சேர்?" என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

கல்முனை வீதியில் தெற்கே போனால் ஊர்கள் மாறி மாறி வரும். தமிழூர், முஸ்லிமூர், மறுபடி தமிழூர். எங்கள் மேடைகளில் ஏறுகிறவர் எவரும் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும்போல என்று சொல்லாமல் இறங்க மாட்டார். குழலுக்குள் பிட்டும் தேங்காய்ப்பூவும் அடுக்கடுக்காகத்தான் கிடக்கின்றன என்பதைப் பிட்டு அவிக்கிற எவரையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். வீதியும் அப்படியே கிடக்கிறது. எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று சொல்ல எங்களுக்குக் கொடி தேவையில்லை. மதிலில் போன தேர்தலுக்குப் பூசியது அழியாமல் இருக்கிறது. வீடு என்றால் தமிழரசுக் கட்சி. மரம் என்றால் முஸ்லிம் காங்கிரஸ். மருமகள் முதல் அரைமணி நேரத்திலேயே விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். "வீடு, வீடு, படகு, வீடு... மரம் வந்துவிட்டது மாமா" என்று பஸ் இலக்கம் எண்ணும் பிள்ளைபோலச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

குருக்கள்மடத்தில் தம்பி பேச்சை நிறுத்தினார். வேகம் சற்றுக் கூடியது. 1990 ஜூலையில், கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம் பயணிகளைப் புலிகள் மறித்து இறக்கிக் கொன்றது இந்த ஊரில். வீதியோர மதிலில் சாதாரண தரக் கணித வகுப்புக்கு ஒரு விளம்பரம், இரண்டு தொலைபேசி இலக்கத்துடன். கண்ணாடியை உயர்த்திக்கொண்ட அந்த பெல்பாஸ்ட் சாரதியை நினைத்துக்கொண்டேன். ஓட்டோவுக்குக் கண்ணாடி இல்லை.

பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. 1961 வரை இதுவும் மட்டக்களப்புதான். மருதமுனையில் கைத்தறிச் சாரம் ஒன்று வாங்கினேன். பாண்டிருப்பில் திரௌபதை அம்மனைக் கும்பிட்டோம். தம்பி வெளியே நின்று தேநீர் குடித்தார். கல்முனையில் நிற்கவில்லை. 2019 ஜூனில் வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டுத் தமிழர் உண்ணாவிரதம் இருந்த, முஸ்லிம்கள் அதை எதிர்த்த ஊர் அது. ஒரு செயலகத்தின் பெயர்ப் பலகையே அங்கே அரசியல் சுவரோவியம்தான், தனியாக வரைய வேண்டியதில்லை.

படங்கள் இல்லாமலும் இல்லை. 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் வாளியும் தூரிகையுமாக வீதிக்கு வந்தார்கள். அந்த அலையில் பூசிய மதில்கள் வெயிலில் வெளிறிப்போய் இன்னும் நிற்கின்றன. காரைதீவில் விபுலானந்த அடிகள். அவர் 1892 இல் பிறந்த ஊர் என்பதால் அதில் குறை சொல்ல முடியாது. மற்ற இடங்களில் யானை, தாமரை, கைகுலுக்கும் இரண்டு கைகள், வரிசையில் குனிந்து நாற்று நடும் பெண்கள். இதுதான் எனக்கு எரிச்சல் தந்தது. மட்டக்களப்பு, அம்பாறை வயலில் நாற்று நடுவதை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? நாங்கள் வீசி விதைக்கிறவர்கள். ஏதோ கலண்டரைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள்.

"ஏன் மாமா, இத்தனை மைலில் செத்துப்போன சனத்தில் ஒருவர்கூடச் சுவரில் இல்லை?"

அவளுக்கு நான் ஒரு கதை சொன்னேன். தொண்ணூறுகளின் தொடக்கம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலையில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முன்மதிலில் 'எங்கள் ஊர்' என்று ஒரு படம் வரைந்தார்கள். தென்னை, கிணறு, ஓடு உடைந்து ஓட்டை விழுந்த கூரையோடு ஒரு வீடு. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஊரில் பாதிக் கூரை அப்படித்தான் இருந்தது. பக்கத்து இராணுவ முகாமிலிருந்து ஓர் அதிகாரி வந்து நின்று பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார்: "கூரையை உடைத்தது யார்?" அதிபர் மொழிபெயர்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து இரவில் இயக்கப் பொடியன்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களும் மரியாதையாகத்தான் கேட்டார்கள்: "கூரையை உடைத்தவனை ஏன் சேர் வரையவில்லை?" அடுத்த நாள் காலை நானே சுண்ணாம்பு கரைத்து அடித்தேன். இரண்டு பூச்சு. பிள்ளைகளில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அவர்கள் கேட்காததுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றியும் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். முகத்தை வரைந்தவனை எப்படியெல்லாம் விசாரிக்கலாம் என்று அதற்குத் தெரியும். ஆனால் என் சுண்ணாம்பு வாளிக்குப் பின்னால் சட்டம் மட்டும் இருக்கவில்லை. பெல்பாஸ்டில் ஒவ்வொரு பக்கமும் தன் தெருவில் தன் கதையை எழுதியிருக்கிறது, எதிர்ப்பக்கம் படிக்க வராது என்ற தைரியத்தில். இங்கே ஒரே வீதி. எங்கள் மதிலில் எழுதியதைக் காத்தான்குடிச் சனமும் கல்முனைச் சனமும் ஏழு மணி பஸ்ஸிலிருந்து படித்துக்கொண்டு போகும்.

அக்கரைப்பற்றில் குதிரை வந்தது. தேசிய காங்கிரஸின் சின்னம். மருமகள் கைதட்டினாள்: "மன்னன் வில்லியமின் குதிரை!" தம்பிக்கு விளக்கினோம். "எங்களுடைய குதிரையில் ஆள் இல்லையே சேர்" என்றார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்சை மரங்கள் அழகாக நிற்கின்றன. 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதியின் குண்டு வெடித்த பிறகு இந்த ஊரின் அரபுப் பலகைகளை இறக்கினார்கள். மரங்களை விட்டுவிட்டார்கள். தம்பி மரங்களுக்குக் கீழே வேகத்தைக் குறைத்து, திரும்பாமலே கேட்டார்: "சுவர்தானே பார்க்கிறீர்கள் சேர். எங்கள் பள்ளிவாசல் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா?"

பார்த்ததில்லை. ஆரையம்பதியும் காத்தான்குடியும் மதிலோடு மதில் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். நான் விமானம் ஏறி அயர்லாந்துச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவன்.

1990 ஆகஸ்ட் 3 இரவு, இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சிறுவர்களும் அதில் உண்டு. செய்தவர்கள் புலிகள். அவர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பை நம்பிய ஒருவரைக் காத்தான்குடியில் நான் கண்டதில்லை. ஆரையம்பதியில் நம்பியதாக நடந்துகொண்டோம், நானும்தான்.

மருமகள் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு வெளியே நின்றாள். நான் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, தம்பியோடு உள்ளே போனேன். குளிர்ந்த தரை. சுவரில் துளைகள். பூசி மறைக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறார்கள். சில இடங்களில் நெஞ்சு மட்டத்தில் இருந்தன, சில முழங்கால் மட்டத்தில். முழங்கால் மட்டத்தில் ஏன் என்று யோசித்து, பிறகு யோசிப்பதை நிறுத்தினேன். தம்பி ஒரு துளையைக் காட்டி, "சாச்சா இந்தப் பக்கம் நின்றவராம்" என்றார். அவருக்கு அப்போது பத்து வயது. காய்ச்சல் என்று உம்மா அன்று தொழப் போகவிடவில்லை.

வெளியே வந்ததும் மருமகள் என்ன இருந்தது என்று கேட்டாள். நிறம், உயரம், எத்தனை என்று ஏதோ சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை, எனக்கும்தான்.

கல்லடியில் பாடுமீன் மதிலுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்றாள். பாதி மீன், பாதிப் பெண், கையில் யாழ். மட்டக்களப்பில் தடுக்கி விழுந்தால் ஒரு பாடுமீனில்தான் விழ வேண்டும். இந்த மீன்பெண்ணுக்கு இடது கை மட்டும் வலதைவிட ஒரு சாண் நீளம். மருமகள் பத்து நிமிடம் படம் எடுத்தாள்.

நகரைத் தாண்டித் திருகோணமலை வீதியில் போகலாம் தம்பி என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. சத்துருக்கொண்டான் சந்தியில் நிறுத்தச் சொன்னேன். நினைவுத்தூபிக்கு முன்னால் எஞ்சினை நிறுத்தினார். 1990 செப்டம்பர் 9. பள்ளிவாசலுக்கு ஐந்து வாரம் கழித்து. சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஆகிய ஊர்களிலிருந்து இராணுவ முகாமுக்குக் கூட்டிப்போன 184 பேர் திரும்பவில்லை. கைக்குழந்தைகளும் இருந்தார்கள். காயத்தோடு ஒருவர் தப்பி வந்து சொன்னதால்தான் ஊருக்குத் தெரிந்தது. இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

தம்பியின் தங்கை வீடு ஓட்டமாவடியில். மாதம் இரண்டு தரமாவது இந்தச் சந்தியைத் தாண்டுகிறவர். "நான் இது வாகன விபத்தில் செத்தவர்களுக்கு என்று நினைத்திருந்தேன் சேர்" என்றார். இறங்கித் தூபியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இருவரும் கழற்றினோம்.

இருட்டிய பிறகு ஆரையம்பதிக்கு வந்து சேர்ந்தோம். அக்கா முதுகைப் பற்றி விசாரித்தாள். கூலியைக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். நின்ற நேரத்துக்கும் சேர்த்து எடுங்கள் என்றேன். தம்பி விரல் விட்டு எண்ணினார். பள்ளிவாசலில் நின்றதற்கு எடுக்கவில்லை. சத்துருக்கொண்டானில் நின்றதற்கும் எடுக்கவில்லை. கல்லடியில் பாடுமீனுக்கு நின்ற பத்து நிமிடத்துக்கு நூறு ரூபாய் எடுத்துக்கொண்டார்.