மூத்திரப் பையும் நானும்

மட்டக்களப்புப் படுவான்கரையில இருந்து வந்த வயல்காரர். எலிக்காய்ச்சல். பிறஷரைத் தூக்கிற நோர்அட்ரினலின் மருந்து ஏறுது, சராசரி பிறஷர் குறைஞ்சது இருக்கவேண்டிய 65ஐத் தொட்டுத் தொட்டு விழுது. ஐசியுவில சின்ன டொக்டருக்கு என்ன வேலையெண்டா, மணிக்கு மணி குனிஞ்சு, கட்டில்ல தொங்கிற மூத்திரப் பையைப் பார்க்கிறது. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வரோணும். இரவு ஒரு மணிக்குப் பார்த்தா 8. ரெண்டு மணிக்கு 5, அதுவும் தேத்தண்ணி நிறத்தில.

வெளியில வாங்கில மனிசி. "மகன், வயலுக்கு இறங்க முதல் தந்த குளிசையை இவர் போடல்ல. வயித்தைப் பிரட்டுமாம்."

டொக்சிசைக்கிளின், எலிக்காய்ச்சல் வராம இருக்கப் போடுற குளிசை. வாரம் ஒருக்கா ரெண்டு, சும்மா குடுக்கிறது. அலுமாரிக்குள்ள அப்பிடியே கிடக்காம்.

விடிய அஞ்சுக்கு 22. நான் சிரிச்சதைப் பார்த்திட்டு நேர்ஸ் அக்கா, "போய் ஒரு பிளேன்டீ குடிங்க டொக்டர்" எண்டா. அந்த நிறத்தை நினைச்சா எங்க இறங்குது!