வார்டில் சத்தம் கேட்டால் நான் செய்வது

வார்டு பொறுப்புக்கு வந்த புதிதில் உறவினர் யாராவது சத்தம் போட்டால் உடனே விதிமுறையைச் சொல்வேன். பார்வை நேரம் முடிந்துவிட்டது, ஒருவர்தான் கூட இருக்கலாம், ரிப்போர்ட்டை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எல்லாமே சரியான பதில்தான், ஒன்றுகூட ஒரு சண்டையையும் நிறுத்தியதில்லை.

ஒரு நாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு மகள் எங்கள் மேஜை முன்னால் நின்று கத்தினார். அப்பாவுக்கு வலி மருந்து கேட்டு 40 நிமிடம் ஆகியிருந்தது. ஒரு நர்ஸ் "இதோ வந்துவிடும்" என்றிருக்கிறார், இன்னொருவர் "டாக்டர் இன்னும் எழுதவில்லை" என்றிருக்கிறார், மூன்றாமவர் "நான் இப்போதுதான் டூட்டிக்கு வந்தேன்" என்றிருக்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அப்பாவை இங்கே ஒருவரும் கவனிக்கவில்லை என்றுதான் அந்தப் பெண்ணுக்குப் பட்டது. அவரைத் தனியாக அழைத்துப்போய் உட்காரவைத்து, நானும் எதிரில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டேன். "வலியோடு காக்க வைத்தது எங்கள் தவறு, 10 நிமிடத்தில் உங்களிடம் வந்து சொல்கிறேன்" என்றேன். டாக்டர் ஓர் அவசர நோயாளியோடு இருந்தார், 10 நிமிடத்தில் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் சொன்ன நேரத்துக்குப் போய் அதையே சொன்னேன். அப்போதுதான் அவர் குரல் இறங்கியது. மருந்து வந்தது அதற்கப்புறம்தான்.

நோயாளியே திடீரென்று முரண்டு பிடித்தால் சமாதானப் பேச்சுக்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், சிறுநீர் அடைத்திருக்கலாம். தினமும் குடித்தவர் நிறுத்திய இரண்டு, மூன்று நாளில் வரும் குழப்பத்தை வெறும் கோபம் என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பெரிய குடும்பம் என்றால், நோயாளியின் சம்மதத்தோடு ஒருவரிடம் மட்டும் விவரம் சொல்வது என்று முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

இதெல்லாம் அடிதடிக்குப் பொருந்தாது. சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் தங்கள் பணிக்காலத்தில் ஒருமுறையாவது உடல்ரீதியான வன்முறையைச் சந்திக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கை ஓங்கினால் நர்ஸை அங்கிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டு செக்யூரிட்டியைக் கூப்பிட வேண்டியதுதான், அதில் எனக்குத் தயக்கமே கிடையாது. பிறகு எழுதும்போது "முரட்டு உறவினர்" என்று எழுதாமல், அவர் சொன்ன வார்த்தையையும் நேரத்தையும் அப்படியே எழுதச் சொல்வேன்.

உறவினர் முன்னால் என் நர்ஸை நான் திட்டுவதில்லை. அன்று "டாக்டர் எழுதவில்லை" என்று சொன்ன பெண் ஸ்டோர் ரூமில் அழுதுகொண்டிருந்தார். உள்ளதைத்தானே சொன்னேன் என்றார், அதுவும் சரிதான். டாக்டரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டோம், அடுத்து எப்போது கேட்போம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று இருவரும் பேசினோம். மறுநாளிலிருந்து ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது, எந்தக் கட்டில்காரருக்கு என்ன பதில் பாக்கி இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறோம்.