ஈவென்ட் கேமராவில் கைச்சைகை: இதுவரை செய்து பார்த்தது

ஈவென்ட் கேமரா முழுப் படம் எடுக்காது. எந்தப் பிக்சலில் வெளிச்சம் மாறுகிறதோ அதை மட்டும் சொல்லும், அந்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு ஈவென்ட். அதை வைத்துக் கைச்சைகையை அடையாளம் காண, கேமரா வாங்காமலேயே தொடங்கலாம். ஐபிஎம் 2017-இல் வெளியிட்ட டிவிஎஸ் ஜெஸ்சர் தரவுத்தொகுப்பு போதும்: 29 பேர், 11 வகை அசைவுகள், மூன்று விதமான வெளிச்சம், 128×128 பிக்சல். பைத்தானில் டோனிக் நூலகமே அதை இறக்கிப் பிரித்துத் தந்துவிடும். ஒவ்வொரு ஈவென்ட்டும் நான்கு எண்கள்தான்: எக்ஸ், ஒய், நேரம், வெளிச்சம் கூடியதா குறைந்ததா என்ற குறி. வெளிச்சம் மாறாத இடத்திலிருந்து ஏறக்குறைய எதுவும் வராது.

நேரத்தின் அலகை முதலில் பாருங்கள். ஒரு பதிவு ஏறக்குறைய 6 விநாடி. கடைசி ஈவென்ட்டின் நேரத்திலிருந்து முதல் ஈவென்ட்டின் நேரத்தைக் கழித்தால் 60 லட்சத்தை ஒட்டி வந்தால் மைக்ரோவிநாடி. 6,000 என்றால் மில்லிவிநாடி. இதைக் கவனிக்காமல் நேரத்தைத் துண்டுகளாக வெட்டிப் படமாக்கினால் எல்லாப் படமும் வெறுமையாகவோ ஒரே கறையாகவோ வரும்.

முதல் முயற்சியில் ஒன்றரை விநாடி ஈவென்ட்டுகள் அத்தனையையும் ஒரே படமாகக் குவித்தோம். கைதட்டல், கை அசைத்தல் ஆகியவை பிடிபட்டன. வலக்கையை வலஞ்சுழியாகச் சுற்றுவதும் இடஞ்சுழியாகச் சுற்றுவதும் பிரியவே இல்லை. குவித்த படத்தைத் திறந்து பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிகிறது: இரண்டிலும் அதே வளையம். கூடுதல், குறைவு குறிகளும் கைகொடுக்கவில்லை. கையின் முன்விளிம்பும் பின்விளிம்பும் வளையத்தின் எல்லாப் புள்ளிகளையும் கடந்துவிடுகின்றன. எந்தப் பக்கம் சுற்றியது என்பது நேரத்தில் மட்டுமே இருந்தது, அதைத்தான் நசுக்கிவிட்டோம்.

இப்போது அதே ஒன்றரை விநாடியை 16 துண்டுகளாக வெட்டுகிறோம். ஒரு துண்டு 94 மில்லிவிநாடிக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு துண்டுக்கும், குறிக்கு ஒன்றாக இரண்டு படம், ஆக 32 படம். அதன்மேல் மூன்று கன்வல்யூஷன் அடுக்கு (படத்தில் வடிவங்களைத் தேடும் நரம்பு வலை அடுக்கு), 0.5 டிராப்அவுட் (பயிற்சியில் பாதி அலகுகளை அவ்வப்போது அணைப்பது), ஆடம் (வலையின் எடைகளைத் திருத்தும் முறை), கற்றல் வேகம் 0.001. குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது.

அதே குழப்பம் திரும்பவும் வந்தது, பழக்கதோஷத்தால். தரவைப் பெருக்கப் படத்தை இடவலமாகத் திருப்பும் வரி குறிநிரலில் இருந்தது. இங்கே அது விஷம்: வலக்கை வலஞ்சுழி, திருப்பினால் இடக்கை இடஞ்சுழி. திருப்பியே ஆகவேண்டுமென்றால் லேபிளையும், அதாவது அசைவின் பெயரையும், அதற்கேற்ப மாற்றுங்கள். இல்லையேல் 8 பிக்சல் வரை நகர்த்துவதும், நூற்றுக்குப் பத்து ஈவென்ட்டை உதிர்ப்பதும் போதும்.

சோதனைக்கு ஆட்களைத்தான் ஒதுக்க வேண்டும், பதிவுகளை அல்ல. தொகுப்பிலேயே 23 பேர் பயிற்சிக்கு, 6 பேர் சோதனைக்கு. ஒரே ஆள் இரண்டு பக்கமும் இருந்தால் கிடைக்கும் மதிப்பெண் வெறும் பொய்.

நேரடிக் கேமராவில் முதல் தலைவலி டியூப்லைட். பழைய சோக் வைத்தது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். சுவரே ஈவென்ட்டைக் கொட்டும். ஒரு பிக்சலை மட்டும் எடுத்து, 'கூடியது' குறிகளின் நேரத்தை அச்சிட்டால் 10 மில்லிவிநாடிக்கு ஒரு கொத்து வரிசையாக நிற்கும். அக்கம்பக்கத்தைப் பார்த்து இரைச்சல் நீக்கும் வடிகட்டி இதைத் தொடாது. பக்கத்துப் பிக்சல்களும் ஒரே நேரத்தில் கத்துவதால் எல்லாம் உண்மை என்று நினைத்துவிடும். ஜன்னல் வெளிச்சம் அல்லது பேட்டரி விளக்குதான் எளிய வழி. ஐஎம்எக்ஸ்636 என்ற ஈவென்ட் சென்சாரில் மினுக்கல் வடிகட்டி சிப்பிலேயே உண்டு.

அந்தச் சென்சார் 1280×720. நடுவில் 720×720 வெட்டி 128-க்குச் சுருக்கினால் ஒரு கட்டத்தில் சுமார் 32 பிக்சலின் ஈவென்ட்டுகள் சேரும். பயிற்சியில் மாடல் பார்த்த அளவு அதுவல்ல. கட்டத்துக்கு உச்சவரம்பு வையுங்கள், பயிற்சியிலும் அதே வரம்பு. ஆளும் இடுப்புக்கு மேல் முழுதாகத் தெரியுமளவு தள்ளி நிற்கட்டும். மேசையில் உட்கார்ந்து கையை மட்டும் காட்டினால் இந்தத் தரவில் கற்றது உதவாது.

முகம் வேறு கதை. தலை அசையாமல் இருந்தால் முகமே மறைந்துவிடும். மிஞ்சுவது கண் சிமிட்டல். திரையை 16×16 கட்டங்களாகப் பிரித்து, ஒரே மட்டத்தில் இரண்டு கட்டங்கள் ஒரே சமயத்தில் பொங்கி, அரை விநாடிக்குள் அடங்குகின்றனவா என்று தேடுகிறோம். சுற்றிலும் உள்ள கட்டங்களும் சேர்ந்து பொங்கினால் அது தலையசைப்பு, தள்ளிவிடலாம். மூக்குக்கண்ணாடியில் விளக்கு பிரதிபலிக்கும்போது இன்னும் ஏமாறுகிறது. இதில் முகம் எங்கே என்று மட்டும் தெரியும். யார் என்று அறிய, சாம்பல்நிறப் படமும் சேர்த்துத் தரும் டேவிஸ்346 போன்ற சென்சாரை எடுப்பதே வசதி.