மூன்று இடம் அடைபட்டால் மலை தனியாகிவிடும்

அப்பா கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் லோடு ஏற்றிப் போகிறவர். மழைக்காலத்தில் எந்த ரோடு திறந்திருக்கிறது என்பதுதான் எங்கள் வீட்டில் காலையில் முதல் பேச்சு. 2009 நவம்பரில் எங்கள் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி மலை சரிந்தபோது நான் சின்னப் பெண். எம்.எஸ்சி. கணிதத்தில் புராஜெக்ட் என்றதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. குறைந்தது எத்தனை இடங்கள் அடைபட்டால் மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் தொடர்பு அறும்? அவை எவை? ஒரு விடை போதாது, அத்தனையும் வேண்டும்.

குன்னூர் வழி, கோத்தகிரி வழி என்று வரைந்து, விடை 2 என்று காட்டினேன். அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெத்தை ரோடு எங்கம்மா?" காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை, மஞ்சூர் என்று ஏறும் வழியை விட்டிருந்தேன். சேர்த்ததும் விடை 3 ஆனது.

ஊர்களைப் புள்ளிகளாகவும் ரோடுகளைக் கோடுகளாகவும் வரைந்த கிராஃபில் 13 முனைகள் (புள்ளிகள்): மேட்டுப்பாளையம், பர்லியார், குன்னூர், குஞ்சப்பனை, கோத்தகிரி, கட்டபெட்டு, கெத்தை, மஞ்சூர், ஊட்டி, தலைகுந்தா, கூடலூர், மசினகுடி, தெப்பக்காடு. இடையில் எந்த ஊரையும் பகிராத பாதைகள் அதிகபட்சம் எத்தனையோ, வெட்டுவதற்குக் குறைந்தபட்சம் அத்தனை ஊர் வேண்டும். 1927-இல் மெங்கர் நிறுவிய தேற்றம் இது. இங்கே அப்படிப்பட்ட பாதைகள் மூன்று.

கணினியில் போட, ரோடுகளைக் குழாய்கள் போல வைத்து மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு அதிகபட்சம் எவ்வளவு ஓட்டம் அனுப்பலாம் என்று பார்க்க வேண்டும்; மேலும் போகவிடாமல் தடுக்கும் இடங்கள்தான் வெட்டு. அதற்கு ஒவ்வொரு ஊரையும் 'உள்', 'வெளி' என்று இரண்டாகப் பிரித்து, நடுவில் கொள்ளளவு (கடக்கக்கூடிய அதிகபட்ச அளவு) 1 கொடுக்க வேண்டும். நான் ரோடுகளுக்கும் 1 கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் போனது. ஊரைக் கேட்டால் புரோகிராம் ரோட்டைக் காட்டியது: மேட்டுப்பாளையம்–பர்லியார். ரோடுகளுக்கும், தொடக்கமும் முடிவுமான மேட்டுப்பாளையம், ஊட்டி இரண்டுக்கும் மிகப்பெரிய எண்ணைக் கொடுத்த பிறகுதான் ஊர்ப் பெயர்கள் வந்தன.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். எத்தனை முறை ஓட்டினாலும் பர்லியார், குஞ்சப்பனை, கெத்தை என்றே வந்தது. ஓட்டம் நிரம்பிய பிறகு மேட்டுப்பாளையத்திலிருந்து இன்னும் எட்ட முடிகிற எல்லையில் வெட்டு விழுவதால், அடிவாரத்துக்குப் பக்கத்து விடை மட்டுமே கிடைக்கும். ஊட்டியிலிருந்து பின்னோக்கித் தேடினேன். குன்னூர், கட்டபெட்டு, மஞ்சூர் வந்தன. இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றை எப்படி எடுப்பது? ஓட்டம் போக மீதியுள்ள கிராஃபில், மேட்டுப்பாளையம் உள்ளேயும் ஊட்டி வெளியேயும் இருந்து, உள்ளே நுழைந்தால் வெளியேற வழியில்லாத ஒவ்வொரு தொகுதியும் ஒரு மீச்சிறு (மிகக் குறைந்த அளவுள்ள) வெட்டைத் தரும் என்று பிக்கார், கேரான் இருவரும் 1980-இல் காட்டியிருக்கிறார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு அழகு.

எண்ணினேன். குன்னூர் வழியில் 2 ஊர், கோத்தகிரி வழியில் 3, மஞ்சூர் வழியில் 2, பெருக்கினால் 12. கட்டபெட்டிலிருந்து குன்னூருக்குக் குறுக்கே போகும் ரோடு இதைக் கெடுக்குமோ என்று பயம் இருந்தது. கெடுக்கவில்லை, ஏனென்றால் அது இரண்டு வழிகளின் கடைசி ஊர்களைத்தான் இணைக்கிறது. நம்பிக்கை வரவில்லை, அதனால் 11 ஊர்களிலிருந்து மூன்று மூன்றாக எடுக்கும் 165 சேர்க்கைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். சரியாக 12. ஒற்றை ஊரோ, இரண்டு ஊரோ எடுத்து எதுவும் அறவில்லை.

பட்டியலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மண் சரியும் இடங்களை அவர் பென்சிலால் வட்டமிட்டார். பிறகு மேட்டுப்பாளையத்திலிருந்து கூடலூருக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். விடை 1: ஊட்டி, இல்லையென்றால் தலைகுந்தா. கூடலூருக்குப் போகும் கல்லட்டி ரோடும் நடுவட்டம் ரோடும் பிரிகிற தலைகுந்தாவின் மேல் அப்பா விரலை வைத்தார். "இங்க அடைச்சா கல்லட்டியும் போச்சு, நடுவட்டமும் போச்சு. இதையும் எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.