கோஸ்ஃபோர்த் சிலுவையின் அடியில்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியாவில் இருக்கிறது கோஸ்ஃபோர்த் என்ற சிற்றூர். கடலோர ரயிலில் போய் சீஸ்கேலில் இறங்கினால் நாலைந்து கிலோமீட்டர். அங்கே புனித மரியன்னை ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மழையிலும் காற்றிலும் நிற்கிறது ஒரு கற்சிலுவை. செந்நிற மணற்கல், சுமார் 4.4 மீட்டர் உயரம். இவ்வளவு ஒல்லியான கல் இத்தனை காலம் விழாமல் நிற்பது ஆண்டவர் செயல் என்றே நம்புகிறேன்.

10-ஆம் நூற்றாண்டில் வடித்தது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய நார்ஸ் மக்கள் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு வந்த காலம் அது. அதனால் அவர்களுடைய பழைய தெய்வக் கதைகளும் இதே கல்லில் இருக்கின்றன. மேற்கு முகத்தில் வஞ்சகத் தெய்வமான லோக்கி கட்டுண்டு கிடக்கிறான். பாம்பின் நஞ்சு அவன்மேல் சொட்டாதபடி மனைவி சிகின் கிண்ணம் ஏந்துகிறாள். கிழக்கு முகத்தில், தெய்வங்களின் தலைவனான ஓடினை விழுங்கிய ஓநாயின் வாயைக் காலால் மிதித்துப் பிளக்கிறான் ஓடினின் மகன் விதார். இந்த உருவங்கள் இன்னார் என்று 1880-களில் அடையாளம் காட்டியவர் சார்லஸ் பார்க்கர் என்ற மருத்துவர்.

அந்த விதாருக்குக் கீழேதான் நான் தேடிப்போன காட்சி. ஒரு சட்டத்துக்குள் இயேசு இரு கைகளையும் விரித்து நிற்கிறார். பின்னால் சிலுவை மரம் செதுக்கப்படவே இல்லை. விலாவிலிருந்து இரத்தம் வழிகிறது. அடியில் ஈட்டியோடு ஒரு வீரன். எதிரே பின்னலும் நீண்ட ஆடையுமாக ஒரு பெண், கையில் கொம்புப் பாத்திரம். மகதலா மரியா என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. சிலுவைப்பாதையில் சொல்லும் செபத்தை அங்கேயே முழந்தாளிட்டுச் சொன்னேன்.

இதைப் பாதி கிறிஸ்தவச் சிலுவை என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கதைகளில் ஒருவன் கட்டப்படுகிறான், ஒருவன் கொல்கிறான், ஒருவன் பழிவாங்குகிறான். இயேசு ஒருவர்தான் தம்மைக் கொடுக்கிறார். இதைப் புது விசுவாசிகளுக்குப் புரியவைக்க அவர்கள் அறிந்த கதைகளையே பக்கத்தில் வைத்த அந்தச் சிற்பியின் விசுவாசம் பெரியது.

அப்புறம், ஆலயத்துக்குள்ளேயும் போங்கள். கூன்முதுகு வீடு போன்ற இரண்டு பழைய கல்லறைக் கற்கள் உள்ளே இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலயத்தைப் புதுப்பித்தபோது கிடைத்தவை. ஒன்றில் போர்வீரர்கள். மற்றொன்றின் முனையில் மறுபடியும் கைவிரித்த இயேசு.