பத்தாயிரத்தில் எட்டு

அந்தக் கட்டுரை வெளியாகி வெகு நாளாகிவிட்டது. யாரும் புகார் சொல்லவில்லை, திருத்தம் கேட்கவில்லை. ஆனாலும் அதை எழுதிய நிருபரோடு நடந்த பேச்சு மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சை பற்றிய பின்னணிக் கட்டுரை அது. அமெரிக்காவின் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வில், ஈஸ்ட்ரோஜனோடு இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்த பிரிவை 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தினார்களே, அதிலிருந்து தொடங்கியிருந்தார். முதல் வரியே ‘மார்பகப் புற்றுநோய் அபாயம் 26 சதவீதம் அதிகம்’. நான் அதை அடித்துவிட்டு, ‘ஆண்டுக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வருவது, மாத்திரை எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது’ என்று மாற்றினேன்.

அவர் எழுந்து வந்துவிட்டார். “எட்டுப் பேர் அதிகம்னு போட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடுது மேடம். பத்து லட்சம் பேர் சாப்பிட்டா வருஷத்துக்கு எண்ணூறு பேர். அதை ஏன் போடக் கூடாது?”

“படிக்கிறது ஒருத்தி. பத்து லட்சம் பேர் இல்ல” என்றேன். அவர் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்காகிறது என்று எச்சரித்தது. ‘இரண்டு மடங்கு’தான் செய்தியானது. ஏழாயிரம் பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு ஆனது என்பது பலருக்குப் போய்ச் சேரவேயில்லை. பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடுத்த ஆண்டு ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டார்கள். இத்தனைக்கும் கர்ப்பமானால் ரத்தம் உறையும் அபாயம் அந்த மாத்திரையைவிட அதிகம். இதைத் தெரிந்துகொண்டு சதவீதத்தை எப்படித் தலையில் வைப்பது?

சரி, ஆனால் அது வேறு கதை. ஹார்மோன் ஆய்வில் இருந்தவர்கள் நோயாளிகள் அல்லர். இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையில் நல்ல உடல்நிலையில் இருந்தவர்களுக்கே பரிந்துரைக்கப்பட்ட மருந்து அது. அதே இதயநோய்தான் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஏழு பேருக்குக் கூடியது. வியாதி இல்லாதவளுக்குக் கொடுக்கிற மாத்திரையில் எட்டு எப்படிச் சின்ன எண் ஆகும்? மருந்து விற்பவரும் என் எட்டைத்தானே பிடித்துக்கொள்வார்? இந்த இரண்டாவது கேள்வியை நிருபர் கேட்கவில்லை, நானேதான் கேட்டுக்கொள்கிறேன்.

மற்ற திருத்தங்களில் தகராறு இல்லை. பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்பது கடைசிக்கு முந்தைய பத்தியில் கிடந்தது; மேலே கொண்டுவந்தேன். ஐம்பது வயதில் உடல் தகிப்புக்காக மருந்து கேட்பவருக்கு அந்த ஒரு தகவல் போதும், பாதிச் செய்தி மாறிவிடும். கருப்பை நீக்கியவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, பக்கவாதம் கூடியது. 2004-இல் வந்த முடிவு. அதையும் சேர்த்தோம்.

எண்ணூறை மட்டும் சேர்க்கவில்லை. படிப்பவள் ஒருத்திதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்த மருந்தை அனுமதிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவரும் அதே பக்கத்தைத்தான் படிக்கிறார்.

அண்மையில் வேறொரு மருந்து பற்றிய செய்தியில் அவர் மறுபடியும் பத்து லட்சம் கணக்கைப் போட்டு அனுப்பியிருந்தார். வெட்டாமல் விட்டேன். பக்கத்தில் இடம் இருந்தது என்று அவரிடம் சொன்னேன்.